பையில் பதினான்கு வரி

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு அலுமினிய டம்ளர். இவற்றோடு, பழைய துண்டில் சுற்றிய ஈயம், ஏறக்குறைய ஒரு வீசை. பையின் கனமெல்லாம் அதுதான்.

பின்னால் ஸ்ரீரங்கம். அங்கே ஓர் அச்சகத்தில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் மலைக்கோட்டை, அதைத் தாண்டிப் பாலக்கரை, அதையும் தாண்டி ஜங்ஷன். ஜங்ஷனில் எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறுவது. ஒரு வேலை போனால் நான் வழக்கமாகச் செய்வது அதுதான்.

ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. காற்று மணலை வாரிப் பாலத்துக்கு மேலே வீசியது. பல்லில் நறநறத்தது. கீழே மணலில் ஊற்று தோண்டி யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஈயம் என்னுடையது அல்ல. அச்சு எழுத்து. பதினான்கு வரி, கோர்த்து, சிதறாமல் இருக்கச் சுற்றி நூல் கட்டியது. இத்தாலி தேசத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு ஜனக்கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிய பதினான்கு வரி.

கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் கையில் இத்தாலி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அச்சகத்தின் முதலாளி சடகோபன் சார். மசிக்கும் ஈயத்துக்கும் நடுவே நாளெல்லாம் இருந்தாலும் அவருடைய திருமண் கலையாது, வேட்டியில் கறை படாது. கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், பாசுரப் புத்தகம் என்று அடித்துக்கொண்டிருந்த இடம். எழுத்துக் கோர்க்க நான் ஒருவன். மெஷினைக் காலால் மிதித்து ஓட்டக் காதர் பாய். அவர் மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் ஆற்றைத் தாண்டி வருவார்.

கல்லூரிகளில் சரித்திரத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆரம்பித்திருந்த காலம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திர ஆசிரியை ரெஜினா மிஸ். முப்பது வயது இருக்கும். ரோமாபுரி பெரிதாவதற்கு முன்னால் இத்தாலியில் யார் யார் இருந்தார்கள், அவர்களைப் பற்றிப் பழைய சரித்திரக்காரர்கள் என்ன எழுதிவைத்தார்கள் என்று ஒரு சின்னப் பாடப்புத்தகம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்.

சடகோபன் சார் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். "ரோமாபுரியா? நம்ம பிரஸ்லயா?"

காதர் பாய் மெஷினிலிருந்து சொன்னார்: "மெஷினுக்கு என்னா தெரியும் மொதலாளி? மிதிச்சா ரெங்கநாதரும் வருவாரு, ரோமாபுரியும் வரும்."

மிஸ் சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். "இது எனக்கு முதல் புத்தகம் சார். எங்க டிபார்ட்மென்ட்ல பெரியவங்க ஒருத்தங்க இருக்காங்க. தமிழ்ல எழுதினா சரித்திரம் வெறும் கதையாப் போயிடும்ங்கிறாங்க. அப்படி ஆகாதுன்னு நான் காட்டியாகணும். பார்த்துப் பண்ணிக் குடுங்க."

கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்தப் புத்தகம் எழுத்தைத் தின்றது. இத்தாலிக்காரர் பெயர்களில் ஸ், ட், ரூ இல்லாமல் ஒன்றும் கிடையாது. எங்களிடம் இருந்ததெல்லாம் பாசுரத்துக்கு ஏற்ற எழுத்து. பதினாறு பக்கம் கோர்ப்போம், அடிப்போம், எழுத்தைப் பிரித்து அறைகளில் போடுவோம், பிறகுதான் அடுத்த பதினாறு பக்கம். அடித்ததை மாற்ற வழியில்லை.

மாட்டின் பின்னால் போனவர்கள்

எழுத்துக் கோர்ப்பவன் எழுத்தைத்தான் பார்ப்பான், வாக்கியத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அந்த நாட்டு மலைக் குடிகளிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். நீண்ட சண்டையோ பஞ்சமோ வந்தால், வருகிற வசந்தத்தில் பிறப்பதெல்லாம் சாமிக்கு என்று வேண்டிக்கொள்வார்கள். ஆடு மாடு மட்டும் இல்லை, பிள்ளைகளும். ஆடு மாடுகளைப் பலி கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளை வளர்த்து, வயது வந்ததும் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு பிராணி முன்னால் போகும். ஒரு கூட்டத்துக்கு ஓநாய், ஒரு கூட்டத்துக்கு மரங்கொத்தி, ஒரு கூட்டத்துக்குக் காளை. காளை எங்கே படுத்ததோ அதுதான் அவர்களுக்கு ஊர்.

மிஸ் அதற்குப் புனித வசந்தம் என்று பெயர் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த பெயர் நேர்ந்து விடுவது. எங்கள் பக்கம் ஐயனாருக்கு நேர்ந்து விட்ட கிடா எவன் வயலில் மேய்ந்தாலும் அதை யாரும் அடிக்க மாட்டார்கள். யாரும் கூப்பிட்டுத் தண்ணீர் வைக்கவும் மாட்டார்கள்.

இதைக் காதர் பாய்க்குப் படித்துக் காட்டினேன். அவர் என்னை 'லால்குடி' என்றுதான் கூப்பிடுவார். அச்சகத்தில் எல்லாருக்கும் என் பெயர் அதுதான். விட்டு வந்த ஊரே பெயராக ஒட்டிக்கொண்டது.

"அப்ப உன்னையும் நேர்ந்து விட்டுட்டாங்களா லால்குடி? நீ எந்த மாட்டுப் பின்னாடி வந்தே?"

"நெல்லு வண்டி மாட்டுப் பின்னாடி பாய்."

"படுத்துச்சா?"

"இன்னும் படுக்கலை."

அதன் பிறகு தினமும் காலையில் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார்: "மாடு படுத்துச்சா?"

நான் பார்த்த வேலைகளைப் பற்றிய இந்தத் தொடரில் முன்பு அரிசி ஆலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ஏன் ஓர் இடத்திலும் தங்கவில்லை என்று கேட்டு எழுதியிருந்தார். அரிசி ஆலையில் தவிடு மூச்சில் ஏறியது, விட்டேன். மரம் அறுக்கும் பட்டறையில் கூலி சரியாகக் கொடுத்தார்கள், அதையும் விட்டேன். பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் சாப்பிடும் கடையில் பாத்திரம் கழுவினேன். அங்கே தெலுங்கு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், இங்கிலீஷ் பேசுகிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். உலகம் முழுவதுமே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பிறகு வினையாயிற்று.

இரண்டு கிரேக்கர்கள்

எட்ரூஸ்கர் என்று ஒரு ஜனங்கள். ரோமாபுரிக்கு வடக்கே இருந்தவர்கள். நிறைய எழுதினார்களாம், கதை சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லறைகளும் துண்டு துண்டான கல்வெட்டுகளும்தான் மிச்சம். அதனால் அவர்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிரேக்கர் சொல்கிறார்: கிழக்கே ஒரு நாட்டில் வருஷக் கணக்காகப் பஞ்சம். ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் பட்டினி. கடைசியில் ராஜா குடிகளை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார். ஒரு பாதி இருந்தது, மறு பாதி கப்பலேறியது. அப்படி வந்தவர்கள்தான் எட்ரூஸ்கர்.

நானூறு வருஷம் கழித்து வந்த இன்னொரு கிரேக்கர், அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை என்கிறார். அவர்கள் பேச்சும் வழக்கமும் வேறு யாரோடும் ஒட்டவில்லை, அதனால் அந்த மண்ணிலேயே தொன்றுதொட்டு இருந்தவர்கள் என்பது அவர் கட்சி.

மிஸ் இரண்டையும் எழுதி, முடிவு சொல்லாமல் விட்டிருந்தார்.

அந்த நாட்களில் யார் வந்தவர், யார் இருந்தவர் என்று நம் ஊரிலேயே தெருமுனையில் மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சடகோபன் சார் தம் குடும்பம் எத்தனை தலைமுறையாக அதே வீதியில் இருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். எனக்கு இரண்டாவது கிரேக்கர் சடகோபன் சார் மாதிரித் தெரிந்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத ஆள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன். முதல் கிரேக்கரைப் பிடித்திருந்தது. பஞ்சமும் சீட்டும் எனக்குப் புரிந்தன.

இந்த நேரத்தில் மிஸ்ஸுக்குக் காய்ச்சல். அந்தப் பகுதியின் புரூஃப் திரும்பி வர நாளாயிற்று. மெஷின் சும்மா இருக்க வேண்டாம் என்று, பக்கத்து அச்சகத்தில் எழுத்து இரவல் வாங்கி, அதற்கு அடுத்த பகுதியை முதலில் அடித்து முடித்துவிட்டோம். பிறகு புரூஃப் வந்தது. கீழே 'அச்சிடலாம்' என்று கையெழுத்து. ஓரத்தில், கல்லறைச் சித்திரங்களைப் பற்றிப் புதிதாக ஒரு பத்தி.

அதைச் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தில் பதினான்கு வரி மிஞ்சியது. அடுத்த பக்கத்துக்குத் தள்ள முடியாது, அது அடித்தாகிவிட்டது. சடகோபன் சார் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார்.

"ஏம்ப்பா லால்குடி, மெஷின் காஞ்சு கெடக்கு" என்று காதர் பாய் குரல் கொடுத்தார்.

பஸ் ஏறிப் போய் மிஸ்ஸைக் கேட்டிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. நான் போகவில்லை. வரிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டாவது கிரேக்கரின் பத்தி சரியாகப் பதினான்கு வரி இருந்தது. ஒரு விஷயம் ஒரு விதமாகத்தானே நடந்திருக்கும், ஒருவர் சொல்வது பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தியை அப்படியே தூக்கி, நூல் கட்டி, பலகைக்கு அடியில் வைத்தேன். பக்கம் பொருந்திவிட்டது.

ஒரு கேள்வி

முந்நூறு பிரதியும் தைத்து அட்டை ஒட்டி வந்தன. சனிக்கிழமை அவற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கல்லூரி ப்யூன் வந்து எடுத்துப் போக வேண்டும். ஒரு பிரதி கை தவறி விழுந்து விரிந்தது. அத்தியாய முடிவில் பயிற்சிக் கேள்விகள். முதல் கேள்வி: எட்ரூஸ்கரின் தோற்றம் பற்றி மேலே கண்ட இரண்டு கருத்துகளையும் ஒப்பிடுக.

மேலே ஒரு கருத்துதான் இருந்தது. அந்தக் கேள்வியைக் கோர்த்ததும் நான்தான்.

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் படித்தேன். பஞ்சம், சீட்டு, கப்பல். நன்றாகத்தான் இருந்தது, கதை மாதிரி. அப்போதுதான் மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது.

சடகோபன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏண்டா, ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லியிருந்தா, ஒருத்தனை எடுத்துட்டதுல என்ன கொறைஞ்சு போச்சு? படிக்கற கொழந்தைகளுக்குப் பாதி பாரம் கொறைஞ்சது."

"மிஸ்கிட்ட சொல்லிடலாம் சார்."

"சொல்லி? கட்டின புஸ்தகத்தைப் பிரிச்சுக் கட்டறதா? வாயை மூடிண்டு இரு. திங்கட்கிழமை ப்யூன் வருவான், எடுத்துண்டு போவான்."

"கேள்வி இருக்கே சார்."

"இருந்துட்டுப் போறது. பதில் இல்லாத கேள்வி லோகத்துல எத்தனையோ இருக்கு."

"நானே போய்ச் சொல்லிடறேன்."

"போனா அப்படியே போயிடு. திரும்பி இந்தப் படி ஏறப்படாது. போறத்துக்கு முன்னாடி அந்தப் பதினாலு வரியையும் பிரிச்சுப் போட்டுட்டுப் போ. நேக்கு எழுத்து வேணும்."

பலகைக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். பிரித்துவிட்டால் மறுபடி கோர்க்க அங்கே ஆள் இல்லை. என் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். காதர் பாய் பார்த்தார். முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாலக்கரை

மிஸ்ஸிடம் போய்ச் சொல்வதாக வாய் சொல்லிவிட்டதே தவிர, கால் ஜங்ஷனைப் பார்த்துத்தான் நடந்தது. பாலம் முடிந்து, மெயின்கார்டு கேட்டைத் தாண்டி, கடைவீதி நெரிசலில் பையை முன்னால் அணைத்துக்கொண்டு போனேன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் "வாங்க தம்பி, வேட்டி பாருங்க" என்றார். வெயிலில் நன்னாரி சர்பத் ஒன்று குடித்தேன். சொல்லாமல் போனால் யாருக்குத் தெரியும்? சடகோபன் சார் சொல்ல மாட்டார். நான் ஊரிலேயே இருக்க மாட்டேன்.

பாலக்கரை வந்தது. இடது பக்கம் சந்துக்குள் மிஸ் வீடு. புரூஃப் கொண்டுபோன வகையில் தெரியும். நேரே போனால் ஜங்ஷன்.

திங்கட்கிழமை வகுப்பில் அவர் அந்தக் கேள்வியை வாசிப்பார். ஏதாவது ஒரு பெண் எழுந்து, இன்னொரு கருத்து எங்கே மிஸ் என்று கேட்கும். அந்தப் பெரியவங்க காதுக்கு அது போகும். இவ்வளவும் கண் முன்னால் வந்தது. தோளும் வலித்தது. சந்துக்குள் திரும்பினேன்.

மிஸ் வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். "யாரு, பிரஸ்காரத் தம்பியா? வாங்க. புத்தகம் இன்னைக்கே ஆயிடுச்சா?"

நின்றபடியே சொன்னேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று.

"நீங்க எடுத்தீங்களா?"

"ஆமாம் மிஸ்."

"கேக்காம?"

"ஆமாம்."

"எடுக்கிறதுக்கு வேற வரியே கிடைக்கலையா?"

"சரியாப் பதினாலு வரி இருந்துச்சு மிஸ். அதோட, அவர் சொல்றது பொய்யின்னு நெனைச்சேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனையோ நூறு வருஷமாப் பெரிய பெரிய படிப்பாளிங்க அடிச்சுக்கிட்டிருக்காங்க, இன்னும் முடியலை. நீங்க ஒரே மத்தியானத்துல தீர்த்து வச்சிட்டீங்க, இல்லே?"

பையிலிருந்து துண்டை எடுத்து மேஜை மேல் பிரித்தேன். அவர் குனிந்து பார்த்தார். எழுத்து தலைகீழாக, இட வலம் மாறி இருக்கும். பழகாதவர்களால் படிக்க முடியாது.

"சிதறலையா?"

"இல்லை மிஸ். பூட்ஸ் பாலிஷ் இருக்குமா?"

அவருடைய அண்ணனுக்குப் பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை. அவருடைய பாலிஷ் டப்பா வந்தது. உள்ளே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அவர் அம்மாவிடமிருந்து சப்பாத்திக் கட்டை வந்தது. "கழுவிக் குடுத்துடணும், ஆமா" என்றார் அம்மா. பாலிஷைத் துணியில் தொட்டு எழுத்தின் மேல் ஒற்றினேன். நோட்டுத் தாள் ஒன்றை மேலே வைத்துக் கட்டையால் ஒரு முறை உருட்டினேன். தாளை உரித்து மிஸ்ஸிடம் கொடுத்தேன்.

அவர் வாய்விட்டுப் படித்தார், ஒரு வரி விடாமல். கடைசி இரண்டு வரியை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கோர்த்தபோது எழுத்தாகத்தான் கோர்த்தேன், தூக்கியபோது முதல் சில வரிகளைத்தான் படித்திருந்தேன். அந்த இரண்டு கிரேக்கர்களும் ஒரே ஊரில் பிறந்தவர்களாம். இருவருமே அந்த ஊரை விட்டுப் போனவர்களாம். எட்ரூஸ்கர் எங்கிருந்தும் வரவில்லை என்று சொன்னவர், தாமே கடல் தாண்டி ரோமாபுரிக்கு வந்து இருந்துகொண்டு அதை எழுதினாராம்.

நகராத ஆள் என்று நான் வெட்டி எறிந்தது அவரைத்தான்.

மிஸ் தாளைக் காற்றில் ஆட்டி உலர்த்தினார். "நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சு வரேன். மாதா கோயில் வாசல்ல இருங்க. இதைத் தூக்கிட்டு வாங்க."

அன்று ஜங்ஷன் பிளாட்பாரத்தில்தான் படுத்தேன். ரயில்கள் வந்தன, போயின.

படிக்குக் கீழே

எங்கள் அச்சகத்துக்கு அமாவாசைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை இல்லை. மிஸ்ஸைப் பார்த்ததும் சடகோபன் சார் எழுந்தார். "வாங்கோ, வாங்கோ." பிறகு தெருவில் நின்ற என்னைப் பார்த்தார். மிஸ் என் கையிலிருந்து ஈயப் பொட்டலத்தை வாங்கிப் போய் அவர் மேஜை மேல் வைத்தார்.

"இது நம்ம எழுத்துன்னா! திருடிண்டு போயிருக்கான்."

"திருப்பிக் கொண்டாந்துட்டாருங்க. இதை முந்நூறு சீட்டு அடிச்சுக் குடுங்க. ஒவ்வொரு புத்தகத்திலயும் ஒட்டித்தான் நாளைக்கு வெளியே போகணும்."

"அவன் ஒரு கிறுக்கன். அவன் பேச்சைக் கேட்டுண்டு..."

"கிறுக்கர்தான் சார். ஆனா வந்து சொன்னார். நீங்க சொல்லலையே."

சடகோபன் சார் திருமண்ணுக்குக் கீழே வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சீட்டு அடிச்சுத் தரேன். ஒட்டறதுக்கு நேக்கு ஆள் கிடையாது. இவனை மறுபடி உள்ளே விடறதாவும் இல்லே."

"வேண்டாம். என் ஆள் வெளியிலயே உக்காந்து ஒட்டுவார்" என்று சொல்லிவிட்டு மிஸ் என் பக்கம் திரும்பினார். "ஒட்டுவீங்கல்ல?"

"சரி மிஸ்" என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேலை அது.

காதர் பாய் மிதித்து முடித்த சீட்டுகளை ஈரம் காயாமல் கொண்டுவந்து கொடுத்தார். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை ஒரு தகர டப்பாவில் வைத்தார். படிக்குக் கீழே, தெரு ஓரத்தில், ஒரு பழைய அட்டையை விரித்தார்.

"என்ன லால்குடி, மாடு படுத்துடுச்சா?"

"இல்லை பாய். நின்னு அசை போடுது."

முதல் பிரதியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். சீட்டின் ஓரத்தில் விரலால் பசை தடவினேன். கப்பலில் வந்தவர்களுக்குப் பக்கத்தில், அங்கேயே இருந்தவர்களை ஒட்டி, நகத்தால் ஒரு முறை நீவினேன். இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதி இருந்தது.